பஜிரோவுக்குள் உருண்ட தேசிக்காய்

முதலில் கயிற்றைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் மாமனார் வீடு வடமராட்சி கிழக்கில், மணற்காட்டுப் பக்கம். தார் முடிகிற இடத்திலிருந்து வீட்டுப் படலை வரை முந்நூறு யார் இருக்கும். முந்நூறு யாரும் மணல். அரித்தெடுத்த அரிசிமா மாதிரி, கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்குகிற மணல். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னுடைய சின்னக் கார் அந்த மணலில் புதைவதும், மாமா கரைவலை இழுக்கிற உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து அதை இழுத்துவிடுவதும் ஒரு குடும்பச் சடங்காகவே போய்விட்டது. நாங்கள் வருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னால் மாமி மீன் வாங்க ஆள் அனுப்புவா. மாமா நைலோன் கயிற்றை எடுத்து வேலிக் கதியாலில் கொழுவிவிடுவார். மருமகன் முகம் தெரிய முதலே கயிறு தெரியும். ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

எனக்கு நாலு சில்லும் இழுக்கிற வாகனத்தில் ஆசை வந்தது அதற்கும் முன்னால். 2004 மார்கழி 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பள்ளிக்கூடத்துச் சாரணரோடு நிவாரணப் பொதி தூக்க இதே கரைக்கு வந்தேன். பதினாறு வயது. லொறிகள் எல்லாம் தாரோடு நின்றுவிட, தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லான்ட் குரூசர்கள் மட்டும், முன்னால் நீட்டிய அன்ரெனா ஆட ஆட, மணலில் இறங்கிப் படகு போலப் போயின. அந்த நாளின் துயரத்துக்குள் நின்றுகொண்டு வாகனத்தைப் பார்த்து வாயைப் பிளந்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பிளந்தது பிளந்ததுதான்.

கடைசியில் 2023இல் ஒன்று வாங்கினேன். அப்போது புதிது வாங்கும் கதை கிடையாது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தின நாட்டில், முப்பது வயதுக் கிழட்டு வாகனத்துக்கும் கலியாணப் பெண் மாதிரி மவுசு. எவ்வளவுக்கு வாங்கினேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். மனைவி இதை வாசிப்பா.

வாகனம் மிற்சுபிசி பஜிரோ. 1991இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 93ஆம் ஆண்டுப் பிறப்பு. மேலே கரும்பச்சை, கீழே சாம்பல். 2477 சீசீ டீசல் என்ஜின். கராஜ்காரர் பாஷையில் ‘ஃபோர் டீ ஃபிஃப்ரி சிக்ஸ்’. யப்பானில் ஓடியது என்பதற்கு அடையாளமாக இடப்பக்க முன் மூலையில், கொம்பு மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி. சாரதி ஆசனம் தனி ஸ்பிரிங்கில் நிற்கிறது. பள்ளத்தில் விழுந்தால் ஆசனம் ஊஞ்சல் மாதிரி ஒருமுறை ஏறி இறங்கி உங்களைத் தாலாட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இதுபற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக டாஷ்போட்டின் நடுவில், ஒரு சின்னக் கோபுரத்துக்குள் மூன்று வட்ட மீற்றர்கள். ஓயில் அழுத்தத்துக்கு ஒன்று, மின்னழுத்தத்துக்கு ஒன்று. நடுவில் இருப்பது சரிவுமானி: வாகனம் எத்தனை பாகை சரிந்து நிற்கிறது என்று காட்டும். யாழ்ப்பாணத்தில்! எந்த நிலமும் ஒரு பனை உயரத்துக்கு மேல் எழும்பாத குடாநாட்டில்! சகாரா மணலில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தைப் பன்னிரண்டு தரம் வென்ற பெயர் பஜிரோ. 2001இல் யூற்றா கிளைன்ஷ்மிற் என்ற ஜெர்மன்காரி, அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண்ணாக வந்ததும் ஒரு பஜிரோவில்தான். அந்தப் பரம்பரையில் வந்த சரிவுமானி, எங்கள் உரும்பிராய்ச் செம்மண்ணில் எந்தப் பக்கமும் அசையாமல் தவமிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

(பெயரில் ஒரு பகிடி உண்டு. பஜிரோ என்பது தென்னமெரிக்கக் காட்டுப் பூனை ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. ஆனால் ஸ்பானிய மொழி பேசுகிறவர்களிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் ஊரில் அது கெட்ட வார்த்தை. அதனால் அங்கே அது மொண்டெரோ. எங்கள் நாட்டிலோ இரண்டு பெயரும் ஓடுகின்றன. மொண்டெரோ என்றால் கறுப்புக் கண்ணாடி போட்ட அமைச்சர்மார்; பஜிரோ என்றால் என்னைப் போன்றவர்கள்.)

விற்றவர் மானிப்பாய்ப் பக்கம். ‘ஒரு பிழையும் இல்லைத் தம்பி’ என்றார். பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். 2022இல் டீசலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்த நேரத்தில் மாமரத்துக்குக் கீழ் விட்டவர் பிறகு எடுக்கவே இல்லை. ஓடாத வாகனத்தில் பிழை எப்படித் தெரியும்? ஓடினால் தேய்வு, நின்றால் அதைவிடத் தேய்வு. ரப்பர் காயும், சீல் சுருங்கும், உப்புக் காற்று சந்து பொந்தெல்லாம் தேடிப் போய் இருந்து துருவைப் பெற்றுப் போடும். ஆகையால் இனி நான் சொல்லப்போகும் குறை எதையும் செய்தவன் தலையில் கட்டாதீர்கள். முப்பது வயது, ஒரு மாமரம், எங்கள் ஊர்க் காற்று, எங்கள் ஊர்க் கிணறு. இந்த நாலும்தான் குற்றவாளிகள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டு தரம் எழும்பிப் போய் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

“பயப்பிடாதேங்கோ,” என்றா மனைவி இருட்டுக்குள் இருந்து. “களவெடுக்கிறதெண்டால் அது முதல்லை ஸ்ராட் வரவேணும்.”

அவ சொன்னது சரி. காலையில் ஸ்ராட் வரவில்லை. வந்தபோது ஒரு வெள்ளைப் புகை மண்டலம் எழும்பி அயல்வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பையெல்லாம் மூடியது. இடப்பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடித்தது. பின் கதவுக்குள் எங்கேயோ ஒன்று ‘கடகட கடகட டொக்’ என்று உருண்டது. டாஷ்போட்டில் இரண்டு பச்சை விளக்குகள் விட்டுவிட்டு மின்னின. மகள் தன்னுடைய கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறைகளை எழுதத் தொடங்கினாள். முதல் வாரம் முடிய இலக்கம் முப்பத்தேழு. முப்பத்தேழாவது: ‘அப்பா சிரித்துக்கொண்டே இருக்கிறார்.’

பச்சை விளக்கின் கதையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும். இந்த வாகனத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கியர். அதற்கு நாலு இருப்பிடம். முதலாவதில் பின் சில்லு இரண்டும் மட்டும் தள்ளும். இரண்டாவதில் நாலும். இதில்தான் விசேஷம் இருக்கிறது. பழைய ஜீப்புகளில் நாலு சில்லையும் பூட்டிக்கொண்டு தார் வீதியில் ஓடக்கூடாது. வளைவில் முன் சில்லுகள் ஓடுகிற தூரமும் பின் சில்லுகள் ஓடுகிற தூரமும் ஒன்றல்ல. பூட்டிவைத்தால் ரயரும் கியரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பஜிரோவில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷல் வைத்து அந்தச் சண்டையைத் தீர்த்திருக்கிறார்கள். மாரி மழையில், வழுக்குகிற தாரில், நாலு சில்லிலும் ஓடலாம். மணிக்கு நூறு கிலோமீற்றர் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தட்டலாம். மூன்றாவது இருப்பிடத்தில் அந்த நடு டிஃபரென்ஷல் பூட்டுப்படும். மணலுக்கு அதுதான் மருந்து. நாலாவது, வேகத்தை ஏறக்குறைய அரைவாசியாக்கி இழுவையைக் கூட்டும். அதைப் போட்டுக்கொண்டு கிளச்சை விட்டால் எருமை மாடு வயலில் நடப்பதுபோல, ஒரு அவசரமும் இல்லாமல், எதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இத்தனையும் சரியாக நடக்கிறதா என்று காட்டத்தான் டாஷ்போட்டில் ஒரு குட்டி வாகனப் படம். எந்தச் சில்லு தள்ளுகிறதோ அந்த விளக்குப் பச்சையாக எரியும். என்னுடையதில் பின் இரண்டும் எரிந்தன. முன் இரண்டும் மின்னின, மின்னின, மின்னிக்கொண்டே இருந்தன. அதாவது, ‘பூட்டப் பார்க்கிறேன், முடியவில்லை’ என்று கெஞ்சின.

ஒரு இடத்தில் காட்டினேன். முன் டிஃபரென்ஷலையே கழற்றி மாற்றவேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு, வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு தரம் கியரை மாற்றிப் போட்டேன். அதன் பிறகுதான் ஒரு சிநேகிதன் கொக்குவிலில், ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற கராஜ் அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனான். இந்தச் சிநேகிதன் ‘ஃபோர் டீ ஆர் ஃபைவ்’ ஜீப்காரன். வில்லிஸ் ஜீப்பை மிற்சுபிசி உரிமம் வாங்கி 1953இலிருந்து 1998 வரை செய்ததே, அந்தப் பரம்பரை. அவனைப் பொறுத்தவரை, கண்ணாடி தானாக ஏறி இறங்குகிற எதுவும் ஜீப் அல்ல.

கராஜ் என்றால் நாலு தூண், தகரக் கூரை, ஒரு வேப்பமரம். அண்ணை பொனட்டைத் திறந்தார். ஒன்றையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல. பிறகு பற்றறியைக் கழற்றி வைத்து, அதன் தட்டுக்குக் கீழே கையை விட்டு, ஒரு மெல்லிய கறுத்த ஹோஸை இழுத்தெடுத்து, நுனியை வாயில் வைத்து, இளநீர் குடிப்பதுபோல உறிஞ்சினார்.

“காத்து வருது,” என்றார். “இஞ்சை பார், வெடிச்சுக் கிடக்கு. உதுதான் உன்ரை டிஃபரென்ஷல்.”

எனக்கு விளங்கவில்லை.

“தம்பி, இதிலை கொம்பியூட்டரும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. அல்ரனேற்றருக்குப் பின்பக்கம் ஒரு வக்யூம் பம்ப் கிடக்கு. அதுதான் பிரேக்குக்கும் உறிஞ்சுது, இதுக்கும் உறிஞ்சுது. நீ கியரைத் தட்ட, இந்த ரெண்டு வல்வும் திறந்து, அந்த உறிஞ்சல் முன் அக்சிலிலை ஒரு வளையத்தை இழுத்துப் பூட்டும். ஹோஸ் வெடிச்சால் உறிஞ்சல் போகாது. உறிஞ்சல் போகாட்டி வளையம் வராது. வளையம் வராட்டி லைற் மின்னும். அவ்வளவுதான் விசியம்.”

ஸ்ரான்லி வீதிக் கடையில் ரப்பர் ஹோஸ் அடிக்கணக்கில் வாங்கினேன். செலவு, இரண்டு பேர் கொத்துரொட்டி சாப்பிடுகிற காசு. அண்ணை ஹோஸை மாற்றினார். பற்றறித் தட்டின் துருவைச் சுரண்டிவிட்டு, வல்வ் இரண்டின் மின் இணைப்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கிறீஸ் பூசினார். நான் உள்ளே ஏறி, ஸ்ராட் செய்து, சின்னக் கியரைப் பின்னுக்கு இழுத்தேன். மின்னல்... மின்னல்... பிறகு, அடியில் எங்கோ ‘ளக்’ என்று ஒரு மெல்லிய சத்தம். நாலு விளக்கும் பச்சையாக நின்றன. அசையாமல் நின்றன.

நல்லூர்த் தேர் இருப்பிடம் விட்டு அசைகிற அந்தக் கணத்தில் சனம் ‘அரோகரா’ என்று எழுப்புமே ஒரு ஒலி, அதே ஒலி என் தொண்டைக்குள் வந்து நின்றது. வெளியே விட்டேனா என்று நினைவில்லை. சிநேகிதன், விட்டாய் என்கிறான்.

அண்ணைக்கு இந்தக் கைப்பழக்கம் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் வந்ததல்ல. 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடை விழுந்து, மின்சாரமும் இல்லாமல் பெற்றோலும் இல்லாமல் குடாநாடு கிடந்த காலத்தில் அவர் கராஜில் எடுபிடிப் பையன். ஒஸ்ரின் கேம்பிரிஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் பற்றாது. அதனால் சின்னப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருந்து, கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தத் துளியை எண்ணி விடுவதுதான் அண்ணையின் முதல் வேலை. ஒரு துளி கூடினால் முதலாளி தலையில் குட்டுவாராம். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிள் கரியரில் உடுப்புப் பைக்குப் பதிலாக ஸ்பனர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர். “உடுப்பை ஆரும் தருவினம். பன்ரெண்டாம் நம்பர் ஸ்பனரை ஆர் தாறது?” என்றார், ஓயில் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு.

அப்படிப்பட்ட மனிதருக்குக் காலை ஸ்ராட் பிரச்சினை ஒரு விளையாட்டு. நான் கிளோ பிளக்தான் போய்விட்டது என்று அடித்துச் சொன்னேன், எங்கோ வாசித்திருந்தேன். டீசல் என்ஜினுக்குப் பொறி கிடையாது, காற்றை நெருக்கி வரும் சூட்டில்தான் எரியும், குளிர்ந்த என்ஜினுக்கு அந்தச் சூடு காணாது என்று கிளோ பிளக் முதலில் சூடேற்றிக் கொடுக்கும் என்றெல்லாம் அவருக்கே விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “யாழ்ப்பாணத்திலை எப்ப தம்பி குளிர்ந்தது?” என்றார்.

பிறகு ஒரு சேலைன் குழாய்த் துண்டை எடுத்து டீசல் லைனுக்கு நடுவில் பொருத்தினார். ஒளி ஊடுருவுகிற குழாய் அல்லவா? என்ஜினை ஓடவிட்டதும், டீசலோடு சேர்ந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் வரிசையாகப் போவது தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் லைனில் போவதுபோல. டீசல் ஃபில்ரருக்கு மேலே, கையால் அமத்துகிற பம்பின் சீல் காய்ந்துபோய் அதனால் காற்று உள்ளே இழுபட்டிருக்கிறது. இரவு முழுக்க டீசல் தாங்கிக்கு இறங்கிவிட, காலையில் என்ஜின் வெறும் காற்றைக் குடித்துவிட்டு இருமியிருக்கிறது. பம்பை மாற்றினோம். அடுத்த நாள் காலை, திறப்பைத் திருப்ப முதலே என்று சொல்லலாம், அவ்வளவு விரைவாக ஸ்ராட். அந்த டீசல் குரல் இருக்கிறதே, அடுப்பில் பெரிய கிடாரம் கொதிக்கிற மாதிரி ஒரு தொடர்ச்சியான களகளப்பு. அதைக் கேட்டுக்கொண்டே நான் முற்றத்தில் தேநீர் குடித்தேன். ஓடாத வாகனத்துக்குப் பக்கத்தில், ஓடுகிற என்ஜினோடு, கால் மணித்தியாலம். ‘டீசலுக்கு ஆர் காசு குடுக்கிறது?’ என்று குசினிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நான் பதில் சொல்லவில்லை.

சூடேறுகிற பிரச்சினைதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. சாவகச்சேரி தாண்டி ஏ9 வீதியில் ஓடும்போது வெப்ப முள் மெல்ல மெல்ல மேலே வரும். இந்த என்ஜினின் சிலிண்டர் ஹெட் அதிக சூட்டைத் தாங்காது. வெடித்தால் செலவு விளையாட்டல்ல. றேடியேற்றரைக் கழற்றி மேல் தாங்கியைத் திறந்தபோது உள்ளே ஒரே வெள்ளை. எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளைச் சுண்ணம். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறையின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்தப் பாறைக்குள்ளால் இறங்கித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. குடிக்க என்ன ருசி! தேநீருக்கு மேல் ஒரு மெல்லிய ஆடை படியும், அதையும் சேர்த்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் தண்ணீரைத்தான் வருஷக்கணக்காக வாளியால் மொண்டு றேடியேற்றருக்குள் ஊற்றியிருக்கிறார்கள். நீராவியாகப் போகப் போகச் சுண்ணம் தங்கி, குழாய்களில் பாதி அடைத்துவிட்டது. இரத்தக்குழாய் அடைப்பு மாதிரித்தான். பித்தளை வேலைக்காரர் ஒருவர் தாங்கியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் பற்றவைத்துத் தந்தார். இப்போது கூலன்ற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் மட்டும்தான். என் பஜிரோ குடிக்கிற தண்ணீர் நான் குடிக்கிற தண்ணீரைவிடச் சுத்தம்.

ஹோர்ன் கதை சின்னது. ஸ்ரேறிங்குக்குள் ஒரு தேய்ந்த தொடுகைத் தகடு. சரிசெய்ய அரை மணித்தியாலம். ஆனால் அதற்கு முதல் அது ஒரு வேலை செய்துவிட்டது: ஒரு செத்த வீட்டு ஒழுங்கைக்குள் இடப்பக்கம் திரும்பும்போது நீட்டி முழங்கியது. பறை அடித்தவர்களே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

தேசிக்காய்க்கு வருகிறேன். பின் கதவுக்குள் அந்தக் ‘கடகட கடகட டொக்’ மூன்று மாதம் எங்களோடு வாழ்ந்தது. பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போகும்போது, இரண்டு பக்கமும் கடல், கொக்குகள், கூழைக்கடாக்கள், சாளரத்தால் உப்புக் காற்று. பூமியில் இதைவிட நல்ல வீதி இல்லை என்று நான் உருகிக்கொண்டிருப்பேன். பின்னால் ‘கடகட டொக்’. சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிப் பக்கம் இறங்கும்போது, முன்பு மிதவைப் பாதையில் ஏற்றிக் கடந்த தண்ணீரை 2011இலிருந்து பாலத்தால் கடக்கிறோமே என்று பிள்ளைக்குச் சொல்லத் தொடங்குவேன், ‘டொக்’. ஸ்பெயார் சில்லின் பாரத்தில் கதவுப் பிணைச்சல் தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் பிணைச்சலை மாற்றினேன். கதவு அழகாகப் பூட்டுப்பட்டது. சத்தம் போகவில்லை. ஜக் வைக்கிற பெட்டிக்குள் துணி அடைத்தேன். போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணையைக் கேட்காமல், நானும் மகளும் பின்பக்கத்து உள் பலகையைக் கழற்றினோம். ஏழு கிளிப், மூன்று உடைந்தன. உள்ளே, துருவும் தூசியும் ஒரு பழைய லொத்தர்ச் சீட்டும் கிடந்த பள்ளத்தில், பளிங்கு போல இறுகி, கறுத்து, சுருங்கி, ஒரு தேசிக்காய். வாகனம் வாங்கினால் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவோமே. யாரோ ஒருவர் மிஞ்சினதை உள்ளே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், நூல் அறுந்து உள்ளே விழுந்திருக்கிறது. எத்தனை வருஷமாக உருண்டுகொண்டிருந்ததோ! மகள் அதைக் கழுவி, துடைத்து, எறியவிடமாட்டேன் என்று நின்றாள். இப்போது டாஷ்போட்டில், சரிவுமானிக்கு முன்னால், ஒரு போத்தல் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறோம். முப்பது வருஷ வாகனத்தின் காவல் தெய்வத்தை வெளியே தூக்கிப் போட யாருக்குத் துணிவு வரும்?

போன மாசி மாதம் மாமா வீட்டில் ஒரு விசேஷம். முந்தின இரவே அண்ணை காட்டித் தந்தபடி காற்றுமானியும் சின்னக் காற்றுப் பம்பும் எடுத்து வைத்துவிட்டேன். மணலுக்கு நாலு சில்லு மட்டும் காணாது. ரயர் காற்றைக் குறைக்கவேண்டும். முப்பத்திரண்டு இறாத்தலில் நின்ற ரயரைப் பதினெட்டுக்கு இறக்கினால் அது ஒட்டகத்தின் பாதம் மாதிரி அகன்று நீண்டு மணலின் மேல் படுக்கும், கீழே தோண்டாது. தார் முடிகிற இடத்தில் நிறுத்தி, நாலு ரயரிலும் ‘உஸ்ஸ்’ என்று காற்றை இறக்கினேன். ஆடு மேய்த்த பெடியன் ஒருவன், காத்துப் போன வாகனத்தைக் கொண்டுவந்திருக்கிறார் என்று பரிதாபமாகப் பார்த்தான்.

கியரை மூன்றாவதுக்குத் தட்டினேன். மின்னல், மின்னல், ‘ளக்’. நாலு பச்சை, நடுவில் ஒரு செம்மஞ்சள். கிளச்சை விட்டேன்.

என்னவென்று சொல்வேன்! மணல் எங்கள் பக்கம் சேர்ந்துவிட்டது. வழுக்குகிற உணர்வு இருக்கிறது, ஆனால் நிற்கிற உணர்வு இல்லை. ஸ்ரேறிங் கையில் லேசாக நீந்துகிறது. பின்பக்கம் கொஞ்சம் ஆடுகிறது. முன் சில்லு இரண்டும் கயிறு பிடித்து இழுப்பதுபோல மூக்கை முன்னுக்கே வைத்திருக்கின்றன. அந்த என்ஜின், அந்தக் கிடாரக் கொதிப்பு, குரலை உயர்த்தவே இல்லை. படலையைத் தாண்டினேன். நிறுத்த மனமில்லை. சவுக்கங்காட்டு ஓரமாக, மணலில் புதைந்து கிடக்கிற பழைய அந்தோனியார் கோயில் சுவர் தெரிகிற பக்கம் வரை போய், அங்கே ஒரு சின்ன மணல் மேட்டில் சாய்வாக ஏற்றினேன்.

“அப்பா! அப்பா! முள்ளு!” என்று மகள் கத்தினாள்.

சரிவுமானி அசைந்தது. உரும்பிராயில் தவமிருந்த அந்த முள், தேசிக்காய்க்குப் பின்னால், மெல்ல, மிக மரியாதையாக இடப்பக்கம் சாய்ந்தது. “பத்து... பன்ரெண்டு... பதினைஞ்சு!” மனைவி கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினா. பிறகு ஒரு கண்ணைத் திறந்து மீற்றரைப் பார்த்தா. “பதினாறு,” என்று திருத்தினா.

திரும்பி வந்து படலைக்குள் நிறுத்தியபோது மாமா உழவு இயந்திரத்தில் இருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு அவர் மடியில். நாங்கள் படலையைத் தாண்டி அப்பால் போனதைப் பார்த்துவிட்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்துத் துரத்தி வர வெளிக்கிட்டிருக்கிறார்.

இறங்கி வந்தார். வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். காற்றுக் குறைந்த ரயரைக் காலால் ஒருமுறை அமத்தினார். பொனட்டில் கை வைத்துப் பார்த்தார், சூடில்லை. மணலில் கிடந்த நாலு சில்லுத் தடத்தையும், அது போன தூரத்தையும், கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

“அப்ப தம்பி, கயித்தை உள்ளை வைக்கட்டோ?”

நான் வாயைத் திறக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து வாகனத்துக்கு அடியில், முன்பக்கத்தில் எங்கோ, இதுவரை கேட்டிராத ஒரு சத்தம். ‘டிக்.’ கொஞ்சம் பொறுத்து, இன்னொரு ‘டிக்.’ மகள் கணிதக் கொப்பியை எடுத்தாள்.

“இல்லை மாமா,” என்றேன். “கதியாலிலையே கிடக்கட்டும்.”